பனி காயும் முன்

மார்கழி 2, புதன்

கடும் பனி. எட்டு மணி வரை மலையே தெரியவில்லை. குற்றால அருவியில் தண்ணீர் சுமார். ஐயப்ப சாமிமார் கூட்டம் குறையவில்லை. துண்டு, சோப்பு, சீயக்காய் மூன்றும் விடிந்ததும் தீர்ந்துபோய், தென்காசிக்கு ஆள் அனுப்பிச் சரக்கு எடுத்தேன்.

இன்று: சிப்ஸ் மாஸ்டர் வரவில்லை, வேறு ஆள். கடைக்குப் பின்னால் ஓடு மாற்றணும். என் முழங்காலுக்குத் தைலம். குதிரைகளைக் குத்துக்கல்வலசைக்கு மாற்றணும்.

குதிரை விஷயம் நேற்று முடிவானது. கால்நடை டாக்டரம்மா லாயத்துக்கு வந்து சங்கின் முன்னங்கால்களை அமுக்கிப் பார்த்தார். அது காலை இழுத்துக்கொண்டது.

"தார் ரோட்டுல நடக்குது, வந்து சிமெண்டுத் தரையில நிக்குது. காலு இறுகாம என்ன செய்யும் அண்ணாச்சி? லாடத்தக் கழட்டிட்டு ரெண்டு மாசம் புல்லுல விடுங்க. மருந்து அதான்."

சங்கு என் முதல் குதிரை. அருவிக்கரையில் துண்டு விற்றுக்கொண்டிருந்தவன் குதிரை வாங்குகிறானே என்று பஜாரில் சிரித்தார்கள். வெள்ளை நிறம். சீசனில் பிள்ளைகள் சவாரி, முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளை அழைப்பு. செவலை பிறகு வந்தது. இரண்டையும் பார்த்துக்கொள்வது சுடலை.

வீட்டுக்காரி செண்பகத்திடம் சொன்னேன். "குதிரைக்கு ரெண்டு மாசம் லீவாக்கும்? அந்த டாக்டரம்மாவ நம்ம அடுப்படிக்கும் ஒரு நட கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மார்கழி 3, வியாழன்

வெயில் ஏறியபின் கிளம்பினோம். சுடலை இரண்டையும் கையில் பிடித்து நடந்தான். நான் ஸ்கூட்டரில் பின்னால். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆளுக்கு ஆள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

குத்துக்கல்வலசை இடம் என் மனைப்பிரிவு. கல் நட்டு மூன்று வருஷம். அனுமதிக் காகிதம் இன்னும் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருக்கிறது. மழைக்குப் பிறகு புல் முட்டளவு. சுண்ணாம்பு அடித்த மனைக்கற்களில் பாதி புல்லுக்குள் போய்விட்டன. விற்காத இடம் இதற்காவது ஆகட்டும். சுற்றிலும் வேலி, ஓர் இரும்புக் கேட், மூலையில் தகர ஷெட். குதிரைக்கு இதைவிட வேறென்ன வேணும்.

கேட்டைச் சாத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தோம். செவலை நாலு துள்ளு துள்ளிப் புல்லில் புரண்டது. சங்கு புரளவில்லை. நேராக நடந்தது. கொஞ்ச தூரம் போய்த் தானாகத் திரும்பியது. அதே தடத்தில் வந்து என் பக்கத்தில் இடது விலாவைக் காட்டி நின்றது. மறுபடியும் போனது, அதே இடத்தில் திரும்பியது, வந்து நின்றது.

எனக்குப் புரிய நேரமாயிற்று. குற்றாலம் கார் ஸ்டாண்டிலிருந்து வளைவு வரை எவ்வளவு தூரமோ, அவ்வளவு.

சுடலை சிரித்தான். "ஒரு சவாரி முடிஞ்சுது, அடுத்த புள்ளைய தூக்கி வைங்கன்னு நிக்கான் அண்ணாச்சி."

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

லாடம் கழற்றச் சுடலை குறடு கொண்டுவந்திருந்தான். வேண்டாம் என்றேன். சிவகிரிக் கல்யாணம் தை முதல் முகூர்த்தம். பெரிய வீடு, பழைய நிலக்காரர்கள், கோயிலில் முதல் மரியாதை உள்ள குடும்பம். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை என்று ஐப்பசியிலேயே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. எங்கள் பக்கத்தில் வெற்றிலை கை மாறிவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது. வாங்கினவனும் பின்வாங்கக் கூடாது, கொடுத்தவனும் பின்வாங்கக் கூடாது. இப்போது கழற்றி, குளம்பு பரந்து, தை பிறந்ததும் மறுபடி ஆணி அடித்தால் நொண்டும். ஊர்வலத்தில் நொண்டினால் யார் முகத்தில் விழிப்பது?

"கல்யாணம் முடியட்டும், பொறவு கழட்டுவோம்" என்றேன்.

சுடலை குறட்டை இடுப்பில் சொருகிக்கொண்டான். அவனுக்குப் பிடிக்கவில்லை.

மார்கழி 5, சனி

பனி கூடுதல். புல்லெல்லாம் சிலந்தி நூலும் நீர்த்துளியும். வெள்ளைத் துணி விரித்தது போல இருக்கிறது இடம்.

சுடலை ராத்திரி இரண்டையும் ஷெட்டில் கட்டி, காலையில் பனி காய்ந்த பிறகுதான் வெளியே விடுகிறான். பனிப்புல் தின்றால் வயிற்றைப் பிடிக்கும், ஈரத்தில் கால் நிற்காது என்பது அவன் கணக்கு. ஆடு வைத்திருப்பவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். சங்குக்கோ நனைந்த புல்தான் வேண்டும். விடிந்ததிலிருந்து ஷெட்டுக் கதவுக்கு மேல் கழுத்தை நீட்டி நிற்கிறதாம்.

"தெனமும் வெள்ளன பஞ்சாயத்துதான். அங்கன பாரு, என்னைய பாரு, அங்கன பாரு. நான் தொறக்க மாட்டம்லா."

மாலையில் கனடாவிலிருந்து மகள் போன். குதிரையை மேய்ச்சலுக்கு விட்டதைச் சொன்னேன். ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை. தரை தெரியாமல் உறைபனி. மரம், வேலி எல்லாம் வெள்ளை. குதிரைகளுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி வெளியே விட்டிருக்கிறார்கள். அவை காலால் பனியைப் பறித்து, அடியில் கிடக்கிற புல்லைத் தின்கின்றன. மூக்கிலிருந்து புகை.

"அப்பா, இங்க பனிக்காலத்துல லாடத்தக் கழட்டிட்டுத்தான் வெளிய விடுதாங்க. அந்தப் பண்ணைக்காரப் பொம்பள சொன்னாவ, லாடத்தோட விட்டா வழுக்கிருமாம்" என்றாள்.

சரி சரி என்றேன். வீடியோவைச் சுடலையிடம் காட்டினேன். "அவன் இம்புட்டுப் பனியில விடுதான். நம்ம பனிலாம் ஒரு பனியாலே?"

"அந்தக் குதிர அந்தப் பனியில பொறந்தது அண்ணாச்சி" என்றான்.

மார்கழி 7, திங்கள்

மேகமூட்டம். ஆனாலும் நல்ல சேதி. சங்கு தேறுகிறது. நடையில் இறுக்கம் குறைந்திருக்கிறது. இன்று திரும்பும் இடத்தைத் தாண்டிப் பத்தடி போய்ப் புல் கடித்தது. சுடலை எனக்குப் போன் போட்டுச் சொன்னான், பிள்ளை நடந்துவிட்டது என்று சொல்வதுபோல.

"பதினாலாம் நம்பர் மனையில போய் நிக்கான் அண்ணாச்சி. எடம் புடிச்சிட்டு போலருக்கு. பத்திரம் போட்ருவமா?"

பதினாலு கிழக்கு பார்த்த மூலை மனை. இருக்கிறதிலேயே நல்லது. கொழுப்பைப் பார், குதிரைக்கும் சுடலைக்கும்.

செண்பகம் மாப்பிள்ளை அழைப்பு ஜரிகைத் துணியையும் நெற்றிச்சுட்டியையும் எடுத்து மாடியில் காயப்போட்டாள். இரண்டு குஞ்சம் அறுந்திருக்கிறது. தைக்கக் கொடுக்கணும்.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. சாமிமாரோடு வந்த பிள்ளைகள் குதிரை எங்கே குதிரை எங்கே என்று கேட்கிறார்கள். மற்றவர்கள் குதிரை ஓடுகிறது, என்னுடையது மட்டும் புல் தின்கிறது. செவலைக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. நாளை விடியுமுன் சுடலை செவலையை அருவிக்கு ஓட்டிப்போகட்டும். சங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்று.

"பனி காஞ்ச பொறவு தொறங்க அண்ணாச்சி." இரண்டு தடவை சொன்னான்.

மார்கழி 8, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் போனேன். எதிரில் வருகிற ஆள் தெரியாத பனி. சங்கு ஷெட்டுத் தகரத்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தது. செவலை இல்லாத கோபம் போல. எனக்கு மார்க்கெட்டுக்குப் போகணும், சிப்ஸ் போடுகிற வாழைக்காய் வந்து இறங்கியிருக்கும். பனி காயக் காத்திருந்தால் ஒன்பது, ஒன்பதரை ஆகும். வீடியோவில் பார்த்த குதிரைகள் ஞாபகம் வந்தன.

திறந்துவிட்டேன்.

ஓடியது. ஓடி எத்தனையோ வருஷம். குற்றாலத்தில் அதற்கு ஏது ஓட்டம், பிள்ளையை வைத்துக்கொண்டு நடைதான். நாலு காலும் தூக்கிப் புல்லுக்குள் ஓடியது. பனிக்குள் போய் மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு லாடம் கல்லில் இழுபட்ட சத்தம். பிறகு விழுந்த சத்தம். குதிரை கத்தவில்லை.

கல் நட்டது நான். புல்லுக்குள் கல் இருப்பதும் எனக்குத் தெரியும். லாடத்தை விட்டுவைத்ததும் நான்.

போய்ப் பார்த்தபோது சங்கு எழுந்து நின்றிருந்தான். முன் வலது கால் தரையில் படவில்லை. கல்லில் சுண்ணாம்பு உரிந்து ஒரு கோடு. என்னைப் பார்த்ததும் மூன்று காலில் திரும்பி, இடது விலாவைக் காட்டி நின்றான்.

போன் போட்டதும் சுடலை வந்தான். அருவியிலிருந்து செவலையை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான், உடம்பெல்லாம் வேர்வை. காலைப் பார்த்தான். புல்லைத் தொட்டு ஈரக் கையைத் தன் வேட்டியில் துடைத்தான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்கழி 9, புதன்

எக்ஸ்ரே படம் எடுக்கிற மெஷின் திருநெல்வேலியிலிருந்து வந்தது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். குளம்புக்கு மேலே, கணுவுக்குக் கீழே. எலும்பு இரண்டு துண்டாக அல்ல, பல.

"மாடுன்னா கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாம் அண்ணாச்சி. குதிரை படுத்தே கெடக்காது. கெடந்தாலும் வயிறு, நெஞ்சு எல்லாம் போயிரும். மூணு காலுல நிக்கும். அப்படி நின்னா நல்ல காலும் போயிரும். மறைக்காம சொல்லுதேன், ஊசி போட்டு விட்டுர்றதுதான் நல்லது."

"ஒரு வாரம் பாப்பமே."

"எனக்காகப் பாக்க வேண்டாம். ஒங்களுக்காகப் பாக்கதுன்னா பாருங்க. வலிக்கு மருந்து தாரேன். அது நிக்கிறதுக்கு வலிதான் சம்பளம்."

கட்டுப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, ஷெட்டுக்குள் மணல் கொட்டினோம்.

இங்கே யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த ஒரு வாரத்தை நான் கேட்டபோதுகூடத் தை முகூர்த்தம் என் மனதில் இருந்தது. வெற்றிலை வாங்கியாயிற்றே, சிவகிரியில் என்ன சொல்ல, வேறு வெள்ளைக் குதிரைக்கு எங்கே போக என்று.

மகளிடம் சொல்லவில்லை. லாடத்தைக் கழற்றுவார்கள் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. விழாதது போல் இருந்துவிட்டேன். எனக்குத் தோதானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடையில் சரக்கைத் தரம் பிரித்து எடுக்கிற மாதிரி.

மார்கழி 11, வெள்ளி

காரில் சிவகிரி போய் வந்தேன். போனில் சொல்லும் காரியம் இல்லை. வழியில் புது வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கையாகப் போகக் கூடாது.

பெரிய வீடு வெள்ளையடித்து முடிந்திருந்தது. பெரியவர் ஊஞ்சலில். மாப்பிள்ளைப் பையனின் அம்மா கதவோரம்.

தட்டை நீட்டினேன். "ஐயா, மன்னிக்கணும். குதிரைக்குக் காலு ஒடஞ்சு போச்சு. வாங்குன வெத்தலையத் திருப்பிக் கொண்டாந்திருக்கேன். வேணும்னா நான் மதுரைப் பக்கம் விசாரிச்சு..."

பெரியவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பெரியவரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் வருத்தம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. வியாபாரிக்கு முகம் படிக்கத் தெரியும். நிம்மதி.

"உக்காரும் வேய்" என்றார் பெரியவர். "இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீரு?"

அந்த அம்மாதான் சொன்னார். "பையன் குதிர ஏற மாட்டேங்கான் அண்ணாச்சி. சின்னதுல ஒருநா குத்தாலத்துல ஏத்தி விட்டோம், அழுத அழுகைக்கு மூணு நாளு காய்ச்சல். கார்த்திகையிலயே சொல்லிட்டான், தொறந்த காருதான்னு. காருக்கும் சொல்லியாச்சு."

"பொறவு எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"எப்படிவே சொல்ல?" பெரியவர் ஊஞ்சலை நிறுத்தினார். "கையில வெத்தலைய வாங்கிட்டீரு. கொடுத்ததத் திருப்பிக் கேக்கிற பழக்கம் இந்த வீட்டுல கெடையாது. அது பாட்டுக்கு முன்னால நடக்கட்டும், பையன் பின்னால கார்ல வரட்டும்னு ஒரு யோசனை பண்ணியிருந்தோம். நீருமில்லா இடையில ஒரு போனு போட்டுருக்கலாம்."

ஆமாம். போட்டிருக்கலாம்.

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். நல்ல காப்பி. தட்டை எடுத்துக்கொண்டார்கள். வாசல் வரை வந்து "குதிர பொழைச்சிருமில்லா?" என்று அந்த அம்மா கேட்டார். பார்க்கணும் என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் பிசானப் பருவ நெல் கதிர் பிடித்து நிற்கிறது. எதையும் யோசிக்கவில்லை. கடையநல்லூர் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டும்வரை ரோட்டோரம் நின்றேன். யாருக்கும் வேண்டாத லாடம் நாலு. அதை மட்டும் யோசித்தேன்.

மார்கழி 14, திங்கள்

பனி குறைவு. குளிர் கூடுதல்.

சங்கு தேறவில்லை, சரிகிறான். இடது முன்னங்கால் குளம்பு சுடுகிறது. டாக்டரம்மா சொன்ன நல்ல கால். உடம்பைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து நிற்கிறான். கொள்ளு வேண்டாம். சுடலை வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் மரியாதைக்கு ஒரு நக்கு நக்குகிறான்.

செண்பகம் பார்க்க வந்தாள். குதிரை வாங்கிய நாளிலிருந்து அவள் லாயத்துக்குள் கால் வைத்ததில்லை, நாற்றம் என்பாள். நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கே வரச் சொல்லிருங்க."

"ஒரு வாரம் முடியட்டும்னு..."

"ஒங்களுக்கு எப்பவும் ஒரு நாளு கூட வச்சுப் பாக்கணும். வெல ஏறும்னு சரக்கப் பதுக்குத மாதிரி. அதுக்கு வலிக்கில்லா?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நாளை ஒன்பது.

குழி தோண்ட ஜேசிபிக்காரனுக்கும் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டான். பதினாலாம் நம்பர் மனை என்றேன். "அண்ணாச்சி, அது மூல மனையாச்சே" என்றான். தெரியும் என்றேன்.

சுடலை குறட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தான். தலையை ஆட்டினேன். சங்கு சற்றே படுத்ததும் மூன்று லாடத்தைக் கழற்றினான். உடைந்த காலில் இருந்ததை டாக்டரம்மா கட்டுப் போடும்போதே எடுத்துவிட்டார். சுடலை ஒவ்வொரு ஆணியாக, வலிக்காமல் எடுத்தான். முடித்ததும் குளம்பின் அடிப்பக்கத்தைக் கையால் தட்டிவிட்டான், மண் இல்லாத இடத்திலும்.

கடைக்குப் போகவில்லை. சரக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

மார்கழி 15, செவ்வாய்

பனி. மலை இல்லை, ரோடு இல்லை, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

நான் போகும்போது சுடலை குளித்து, திருநீறு பூசி, ஷெட்டு வாசலில் நின்றிருந்தான். செவலையைத் தள்ளிக் கட்டியிருந்தான். சங்கு கழுத்தை நீட்டிப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிலையிலும்.

சுடலை வழக்கப்படி வானத்தைப் பார்த்தான். "பனி காய இன்னும் நேரமாவும் அண்ணாச்சி."

"தொற லே" என்றேன்.

என்னைப் பார்த்தான். திறந்தான்.

இரண்டு பக்கமும் நாங்கள் தோள் கொடுத்தோம். ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று. ஷெட்டு மணலைத் தாண்டிப் புல் தொடங்குகிற இடம் வரைதான் முடிந்தது. போதும் போல, அவனே நின்றான். தலையைக் குனிந்தான்.

நனைந்த புல். வேரோடு வராமல் நுனியாகக் கடித்தான். மீசை மயிரெல்லாம் தண்ணீர். கொள்ளு வேண்டாம், வெல்லம் வேண்டாம் என்றவன் நிறுத்தாமல் தின்றான். சிலந்தி நூல் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. தின்கிற சத்தம் அந்தப் பனிக்குள் நன்றாகக் கேட்டது.

முகக்கயிற்றை உருவினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விலாவைக் காட்டவில்லை.

"இத்தன வருசமும் இதத்தான கேட்டான்" என்றான் சுடலை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ரோட்டுப் பக்கம் ஜீப் சத்தம். கேட்டில் வந்து நின்றது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. டாக்டரம்மா வண்டியை அணைத்தார். இறங்கவில்லை. பனி காய்கிறவரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.